சோப்பு படாத துணி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா?

முதலாளி வீட்டு மாடியில் புதிதாக வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஆறு பேர் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம். ஆனால் எல்லோரும் வெளியூர் போய்விட்டார்கள். குளோரின் போட்டு, சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்த்து, தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பது என் வேலை.

நேற்று தொட்டியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, அதைச் சுழற்றிவிடும் மோட்டாரை ஓடவிட்டேன். நுரை பொங்கிப் படியிறங்கிவிட்டது. "என்னப்பா, தொட்டிக்குச் சவரம் பண்றியா?" என்று தோட்டக்காரர் சிரித்தார். இந்த வாரம் என்னிடம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

சோப்பில் துவைத்த துணியால் துடைத்தாலும் நுரைக்குமாம். அதனால் நீ கட்டிய பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் அப்படியே மடித்து அனுப்பு. நுரைக்காகத்தான் சொல்கிறேன்.

இன்றைக்கும் மோட்டார் ஓடுகிறது, நிறுத்த ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

மறந்துபோய்த் துவைத்துவிடாதே.