சாரங்கபாணி பிழைக்கவைத்த வீரன்

மாமல்லபுரம்
17.1.2025

சாரங்கபாணிக்கு,

சாக வேண்டியவனை நீ பிழைக்கவைத்துவிட்டாய். இது துரோகம். போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று காணும் பொங்கல். உங்கள் அடுக்ககத்து வாசலில் பூ விற்கும் சந்திரம்மா, பேரப்பிள்ளைகளோடு கடற்கரைக்கு வந்தவள், என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்து கும்பிட்டாள். "அந்தப் புள்ள உசிரோட வூடு போய்ச் சேந்துச்சே, அது போதும் சார். நீ நல்லா இருக்கணும்" என்றாள். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். "அதான், கொம்பு வச்சினு கீறாரே, பிரெஞ்சுக்காரரு" என்றாள். எனக்குத் தலை சுற்றியது.

சுற்றுலா வழிகாட்டியாக வெயிலில் நின்று, வந்தவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்தே பிரெஞ்சு கற்றவன் நான். தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய பிரெஞ்சு வீரகாவியம் ஒன்றைத் தமிழில் எழுதி, உனக்குக் குரல் நன்றாக இருக்கிறதே என்று உங்கள் அடுக்ககத்து மாத வாசிப்புக் கூட்டத்தில் படிக்கக் கொடுத்தேன். கதை உனக்குத் தெரியாதா? மன்னனின் தங்கை மகன் மலைக் கணவாயில் கடைசிப் படையோடு நிற்கிறான். மாற்றாந்தகப்பன் காட்டிக்கொடுத்துவிட்டான். எதிரி கடல் போல வருகிறான். தந்தக் கொம்பை ஊது, மன்னர் திரும்பி வருவார் என்று நண்பன் கெஞ்சுகிறான். ஊதினால் என் குலத்துக்கு இழுக்கு என்கிறான் வீரன். எல்லாரும் விழுந்த பிறகுதான் ஊதுகிறான். ஊதிய வேகத்தில் நெற்றிப்பொட்டு வெடித்துச் சாகிறான். அந்தச் சாவில்தான் காவியமே நிற்கிறது. நீ அவனை முதலிலேயே ஊதவைத்து, பொங்கலுக்கு ஊருக்கு அனுப்பிவிட்டாய்.

பிப்ரவரிக் கூட்டத்தில் அவன் சாக வேண்டும். இல்லையேல் மீதிப் பக்கங்கள் உனக்குக் கிடையாது. நானும் கிடையாது.

தாமோதரன்


படூர்
21.1.2025

அன்புள்ள தாமோதரா,

இங்கு அனைவரும் நலம். உன் கோபமும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. கடிதத்தை மருமகள் வத்சலா சத்தமாகப் படித்தாள், வீடே சிரித்தது.

நடந்தது இதுதான். நண்பன் கெஞ்சும் இடத்தை நீ எழுதியபடியே படித்தேன். முதல் முறை அவன் மறுத்தபோது கூட்டம் பொறுத்துக்கொண்டது. இரண்டாம் முறை சந்திரம்மா எழுந்துவிட்டாள். "இன்னா சார் இது? கூட கீற புள்ளைங்கல்லாம் சாவப் போவுது, இவருக்கு இன்னா கௌரவம்? ஊதச் சொல்லு." காவியத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். "படிக்கிறது நீதானே, நீ சொன்னா ஊதமாட்டாரா?" என்றாள். பின்வரிசையிலிருந்து வேறு ஊது, ஊது என்று குரல்கள். ஊதிவிட்டேன்.

அந்தக் கவி வீரனையும் பாடுகிறார், ஊதச் சொன்ன விவேகி நண்பனையும் பாடுகிறார். நீ மட்டும் ஏன் வீரன் பக்கமே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன மாதம் பேருந்து நிலையத்தில் நான் எதிரே நிற்க, வேறொருவர் தோளில் கைபோட்டு, "சாரங்கா, இளைத்துவிட்டாயே" என்றாய். கண்ணில் புரை முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அன்று நீயே உளறினாய். கூடுவாஞ்சேரியில் இருக்கிற உன் மகள் ஜெஸ்ஸிக்கு இன்னும் சொல்லவில்லை. யாரையும் கூப்பிட மாட்டாய். இழுக்கு.

ஆகவே ஓர் ஒப்பந்தம். நீ ஆபரேஷன் செய்துகொண்டால் உன் வீரனை முறைப்படி சாகடிக்கிறேன். இல்லையேல் அவன் உயிரோடு இருப்பான். மாசியில் கல்யாணமும் செய்துவைப்பேன். சந்திரம்மா மாலை தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன்
சாரங்கன்


மாமல்லபுரம்
27.1.2025

சாரங்கபாணிக்கு,

ஒப்பந்தம் செல்லாது. ஒரு வீரனின் சாவை வைத்து என்னிடம் பேரம் பேசாதே. அன்றே அவன் ஊதியிருந்தால் இன்று அவனைப் பற்றி நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். இதைச் சந்திரம்மாவிடம் சொல்.

இந்த வாரம் மீதிப் பகுதியை எழுத உட்கார்ந்தேன். அந்த விவேகி நண்பனுக்கு ரத்தம் போய்ப் பார்வை மங்கிவிடுகிறது. எதிரே வருபவன் யாரென்று தெரியாமல் வீரனின் தலைக்கவசத்திலேயே வாளை இறக்குகிறான். அடி வாங்கியவனுக்குக் கோபம் வரவில்லை; தெரிந்துதான் அடித்தாயா என்று மெதுவாகக் கேட்கிறான். அதற்கு நண்பன் சொல்லும் பதிலை என்னால் எழுத முடியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் எழுத்து பிடிபடவில்லை.

ஆகவே இவை நடக்க வேண்டும். பிப்ரவரிக் கூட்டத்தில் நீ, நான் எழுதியதை எழுதியபடியே படிக்க வேண்டும். சந்திரம்மா முன்வரிசையில் உட்கார வேண்டும். அழுதால் வத்சலா தண்ணீர் கொடுக்கட்டும், நீ கதையை மாற்றக் கூடாது. ஜெஸ்ஸிக்கு நீயே சொல்லிவிடு. நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே. ஆறாம் தேதி காலை உன் மகன் ஜெயகிருஷ்ணன் காரோடு இங்கே வர வேண்டும். செங்கல்பட்டு கண் ஆஸ்பத்திரியில் அன்றுதான் நாள் கொடுத்திருக்கிறார்கள். கட்டுப் பிரிக்கும்வரை மீதிப் பக்கங்களை யாரும் தொடக் கூடாது. காரில் நீயும் வர வேண்டும். முன்சீட்டில் உட்காராதே. பின்னால், என் பக்கத்தில்.

தாமோதரன்