ஒரே திருப்பில் கிளம்பிய லாரி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மறக்காமல் தடவுகிறீர்களா?

போன விடுமுறையில் என்னோடு வீட்டுக்கு வந்து, உங்களை வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டானே, எங்கள் படை லாரியின் டிரைவர், அவன் போன வாரம் தவறிவிட்டான். சண்டையில் இல்லை, பயந்துவிடாதீர்கள். காய்ச்சல்தான்.

அவன் லாரியில் ஸ்டார்ட்டர் மோட்டார் பழுது. பேட்டரி நன்றாக இருந்தும், சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. உள்ளே மின்சாரம் கடத்தும் கரித்துண்டு, கார்பன் பிரஷ் என்பார்கள், தேய்ந்திருந்தது. மெக்கானிக் நான் இருந்து என்ன? புதிது கேட்டு எழுதியது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அதனால் தினமும் அவன் வண்டிக்கு அடியில் படுத்து, மோட்டாரைச் சுத்தியலால் தட்டி, "ம், போடு மச்சான்!" என்று கத்துவான். நான் மேலே சாவியைத் திருப்புவேன்.

அவனை அடக்கம் செய்த மறுநாள் பிரஷ் வந்து சேர்ந்தது. மோட்டாரைக் கழற்றி, பிரஷை மாற்றிப் பூட்டினேன். சாவியில் கை வைத்தவன், கீழிருந்து குரல் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"என்னப்பா, நல்ல நேரம் பாக்குறியா?" என்று பட்டறை அதிகாரி அதட்டினார்.

திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எங்கள் இருவருக்கும் துண்டு வாங்கி அனுப்புவதாகச் சொன்னீர்களே, இனி ஒன்று போதும்.

இல்லையம்மா, இரண்டாகவே அனுப்புங்கள். தபால் வண்டி கிளம்பப் போகிறது.

உங்கள் மகன்