ஐஸ் பெட்டியில் வைத்த அப்பிள்

மகன் றெனால்டுக்கு அம்மா எழுதுவது. பள்ளிமுனையில் நானும் உன் தங்கச்சி றொஷேலும் உடம்பால் சுகம், நீயும் அங்கே குளிருக்குள் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். மனதைப் பற்றிக் கேட்காதே. போனில் சொன்னால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, இத்தாலிக்குத் திரும்பும் உன் கூட்டாளி கொன்ஸ்ரன்ரைனிடம் கொடுத்து விடுகிறேன். இருந்து முழுவதும் வாசி.

அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு என்று நீ அவனிடம் கொடுத்துவிட்ட அப்பிள் வந்தபோது எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம் தெரியுமா. ஒவ்வொன்றும் சிவப்பாய், பெரிதாய், ஒரு கீறல் இல்லை. பூசைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது, நம்முடைய பிறிஜ் சின்னது, அதனால் அப்பாவின் மீன் பெட்டியைத் தேசிக்காய்ப் புளி போட்டு மூன்று தரம் கழுவி, அவர் பாரை மீன் அடுக்குகிற மாதிரியே ஒரு அடுக்கு ஐஸ், மேலே பொலித்தீன், ஒரு அடுக்கு பழம் என்று வைத்தேன். தினமும் தண்ணீரை வடித்து ஐஸ் மாற்றினேன். எடுக்கும்போது அடிப்பக்கம் சின்னப் புள்ளிகள் தெரிந்தன, ஐஸ் பட்ட அடையாளம் என்று துடைத்து வைத்தேன். பூசையில் றொஷேல் அதைத் தட்டில் காணிக்கையாகக் கொண்டு போனாள், பிறகு அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேருக்கும் பகிர்ந்து கொடுத்தோம். அப்பாவோடு இருபது வருடம் ஒரே வள்ளத்தில் போன நடராசா அண்ணன் என் முன்னாலேயே கடித்தார். முகம் ஒரு மாதிரிப் போனது, துப்பாமல் விழுங்கிப்போட்டு நல்லாயிருக்கு பிள்ளை என்றார். வீட்டுக்கு வந்து ஒன்றை வெட்டினால் தோலுக்குக் கீழே தக்கை மாதிரி மண்ணிறத் திட்டுகள், வாயில் வைக்க முடியாத கைப்பு.

அன்று போனில் நீ என்ன சொன்னாய்? ஐஸிலயோ வச்சனீங்கள் அம்மா, அதுதான் பழுதாப் போச்சு என்றாய். றொஷேலும் பக்கத்தில் நின்று கேட்டாள். அண்ணன் அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியதைப் பழுதாக்கி அப்பாவின் பூசையில் வைத்தேன் என்று ஒரு மாதமாய் அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நான் அந்த ஆறு வீட்டுக்கும் நடந்து போய், என்ர பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று கேட்டேன்.

மிஞ்சிய இரண்டைப் பழக்கடை ஜமால்தீனிடம் காட்டினேன். ஐஸ் அப்பிளுக்கு நல்லதுதானே அக்கா, நாங்களும் குளிரிலதான் வச்சு விக்கிறம், இது மரத்தில இருந்தே வந்த குறை என்றார். பிறகு கொன்ஸ்ரன்ரைனைப் பிடித்துக் கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. காய் பெருக்கட்டும் என்று உரத்தை அள்ளிப் போட்ட தோட்டமாம், மரம் கல்சியத்தை இலைக்குக் கொடுத்துப் பழத்துக்குக் குறைத்துவிட்டதாம், இப்போது வெளியில் ஒன்றும் தெரியாது, வைத்திருந்தால் புள்ளி விழும் என்று நீ வேலை செய்கிற பழக் களஞ்சியத்தில் சோதித்து ஒதுக்கிய பழமாம். ஒதுக்கியது நீயாம்.

ஒதுக்கிய பழத்தை அனுப்பினாய் என்று எனக்குக் கோபம் இல்லை, உன் நிலைமை எனக்குத் தெரியும். வந்த அன்றே சாப்பிடுங்கோ, பூசைக்கு வேறு பழம் வாங்குங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையாவது மறந்தாய் என்று விடுவேன். குளிர் அறையில் வேலை செய்கிற உனக்கு ஐஸ் அதைக் கெடுக்கவில்லை என்று தெரியாதா? தெரிந்துகொண்டே என் தலையில் போட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த ஆறு வீட்டுக்கும் திரும்பிப் போய்க் கதையை மாற்ற மாட்டேன், என்னைக் குறை சொல்லிவிட்டுப் போகட்டும், நீ ஒரு நாள் இங்கே வந்து முகம் காட்ட வேண்டியவன். றொஷேலுக்கும் நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் அண்ணன்மேல் பழி போடுகிறேன் என்பாள். அதை நீதான் சொல்ல வேண்டும்.

சளிக்கு மருந்து எடு, ஈரக் காலுறையோடு திரியாதே. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், என் ஆசீர் கோபத்தோடும் உனக்கு உண்டு. ஞாயிறு பூசை முடிந்து போன் எடுக்கும்போது மறக்காமல் றொஷேலின் நம்பருக்கு எடு. எல்லாம் சொல்லி முடித்த பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல். அவள் கொண்டு வந்து என் கையில் தந்தால் உன்னோடு கதைப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
பெற்றிசியா