கறுப்பு ஒயரைத் தொடாதீங்க

ஏங்க,

ஃபியூஸ் பெட்டியில விளக்கு லைனை ஆஃப் பண்ணிட்டுப் போறேன். யாரும் போட வேண்டாம். ஃபிரிட்ஜ் வேற லைன், அது ஓடும். சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன்.

நேத்து நீங்க குளியலறையில புது எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டினதும் லைன் ட்ரிப் ஆனதுக்கு ஃபேன் காரணமே இல்ல. குளியலறை விளக்குக்கு மேல மூணு கேபிள் வருது. ஒண்ணு கரண்டைக் கொண்டு வருது, ஒண்ணு அடுத்த ரூமுக்குப் போகுது, மூணாவது சுவிட்சுக்கு இறங்குது. அந்த மூணாவதுல இருக்கிற கறுப்பு ஒயர் நியூட்ரல் இல்லைங்க. சுவிட்சைப் போட்டா அதுலதான் கரண்ட் விளக்குக்குத் திரும்பி வருது. நீங்க அதையும் மத்த நியூட்ரல் கறுப்போட சேர்த்து முறுக்கிட்டீங்க, அதான் சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் ஆச்சு. காலையில பிரிச்சு, சிவப்பு டேப் சுத்தியிருக்கேன்.

"ஃபேனே பழுது, திருப்பிக் குடுத்துடு"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்தீங்க. குடுக்க மாட்டேன். குளியலறை ஈரத்துல வர்ற அந்தச் சுவர்ப் பூஞ்சையால நம்ம சின்னவ மூச்சுக்குத் திணறுறதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. சாயந்திரம் வந்து நானே மாட்டுவேன்.

சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு.

பி.கு: ஏணியைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். கோபம் தீர்ந்திருந்தா சீக்கிரம் வாங்க. தீரலைன்னாலும் வாங்க, பிடிச்சுக்கிட்டே கோவிச்சுக்கலாம்.