வெள்ளிக்கிழமை போனுக்கு ஒரு பாடம்

தொம்மலூர்,
14.9.2003

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் எனக்கு அது போதும். நாலு நாளாக இங்கே சாயங்காலம் ஆனால் மழை, மொட்டைமாடியில் துணி காயவில்லை. அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது. நீ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது, பக்கத்து வீட்டு ஃபாத்திமாவுக்குப் பாதி கொடுத்தேன், மீதியை உன் அம்மா யாருக்கும் தெரியாமல் தலையணை உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள், எறும்பு வந்து காட்டிக்கொடுத்தது. போன வெள்ளிக்கிழமை நீ அழுதுகொண்டே போனை வைத்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் போய்வந்த வகுப்பைப் பற்றி முதலில் சொன்னால்தான் உனக்கு விஷயம் புரியும், அதனால் பொறுமையாகப் படி.

அம்மாவுக்கு வந்திருக்கிற டிமென்ஷியா மாதிரி மறதி நோய் இருக்கிறவர்களின் வீட்டுக்காரர்களுக்கு ஒரு டிரஸ்ட்டில் வகுப்பு நடத்துகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா. அல்சூரில் ஒரு ஹாலில், ஆறு சனிக்கிழமை. நடத்துகிறவள் பெர்னதெத் என்று ஒரு நர்சம்மா, தமிழும் கன்னடமும் நன்றாகப் பேசுகிறாள். நாங்கள்தான் முதல் பேட்ச், எங்களை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்களாம். அதற்காகக் கடைசி நாளில் ஆளுக்கு நாலு பக்கம் பாரம் கொடுத்து, எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்தொரு வருஷம் பாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் கையில் அப்படி ஒரு பாரத்தைக் கொடுத்தால் சும்மா விடுவேனா. முதல் குறையே நேரம்தான் என்று எழுதினேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை வகுப்பு. உன் அம்மா பையை எடுத்துக்கொண்டு, எங்க வூட்டுக்குப் போறேன் என்று கேட்டைப் பிடித்து உலுக்குகிற நேரமே அதுதான். பதினோரு பேராக ஆரம்பித்தோம், முடிக்கும்போது ஏழு பேர். நின்றுபோன நாலு பேருக்கும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு ஃபாத்திமா இருந்தாள், அம்மா முன்னால் பூண்டைக் கொட்டி உரிக்க வைத்து உட்கார்த்தி வைத்தாள், நான் போய்வந்தேன். நேரம் குறித்தவர்கள் இந்த மாதிரி ஒரு ஆளோடு ஒருநாள் சாயங்காலமாவது உட்கார்ந்திருக்கவேண்டும் என்று கொஞ்சம் காட்டமாகவே எழுதிவிட்டேன்.

இன்னொன்று கதவில் பெயர் ஒட்டுகிற பாடம். குளியலறை, சமையலறை என்று எழுதி ஒட்டினால் அவர்களுக்கு வழி தெரியுமாம். நானும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். உன் அம்மா ஈரத்துணி எடுத்துவந்து, எவனோ நம்ம கதவுல எலக்சன் போஸ்டர் ஒட்டிட்டுப் போயிட்டான், இன்னா ஜனமோ என்று திட்டிக்கொண்டே தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டாள். இரண்டாவது தடவை ஒட்டியதற்கும் அதே கதி. இப்போது பகலிலும் குளியலறை விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், தானாகப் போகிறாள். இதையும் எழுதினேன்.

ஆனால் மூன்றாவது வாரப் பாடத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். அது ஏன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்களைக் கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள் என்பதுதான் அந்தப் பாடம். உன் அப்பா நான் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா. தினமும் காபி குடித்ததும் அம்மாவை எதிரில் உட்காரவைத்து, இன்றைக்கு என்ன கிழமை, நேற்று யார் வந்தது, நமக்கு எந்த வருஷம் கல்யாணம் என்று பத்துக் கேள்வி. சரி, தப்பு என்று ஒரு நோட்டில் டிக் போட்டுவந்தேன். பாக்டரியில் அளந்து அளந்து பழகியவன், விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் துருப் பிடிக்காது என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் அவள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, தெரியல சார், நாளைக்குப் படிச்சிட்டு வரேன் சார் என்றாள். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் என்னைப் பார்த்துச் சார் என்றாள் மித்ரா. அதை நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். பெர்னதெத் அந்தப் பாடத்தைச் சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வாராவாரம் வெள்ளிக்கிழமை போன் செய்ததும், அம்மா நான் யாரு சொல்லு பார்க்கலாம் என்று கேட்பாய். அவளும் மித்ரா என்பாள், நீ சந்தோஷப்படுவாய். எட்டு மாதமாக அவள் சொன்னது தானாகச் சொன்னது இல்லை கண்ணு. நான் எதிரில் நின்றுகொண்டு சத்தம் வராமல் வாயை அசைத்துக் காட்டுவேன், அதைப் பார்த்து அவள் சொல்வாள். தூரத்தில் இருக்கிற பிள்ளை மனசு உடையக்கூடாது என்றுதான் செய்தேன். வியாழக்கிழமை பாரத்தைப் பூர்த்தி செய்தபோது, கற்றதை வீட்டில் கடைப்பிடிக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று எழுதிவிட்டு எனக்குக் கையெழுத்துப் போட வரவில்லை. வேலையில் இருந்தவரை ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால்தான் மறுநாள் நீ கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவளும் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உனக்கு முன்னாலேயே சொல்லாமல் விட்டது என் தப்பு, உன்மேலோ அவள்மேலோ ஒரு தப்பும் இல்லை.

நேற்று பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் வீட்டில் இந்த வகுப்புக்கு வரவேண்டியவர் வேறு யாராவது உண்டா என்ற கேள்விக்கு உன் பெயரை எழுதி, தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் புத்தகத்தில் ஒரு பாடமும் இல்லையே என்று எழுதியிருந்தேன். பெர்னதெத் படித்துவிட்டு, ஆமா சார், நாங்க யோசிக்கவே இல்ல, நீங்களே எழுதிக் குடுங்களேன் என்றாள். அவளுக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன். பெரிய பாடமெல்லாம் இல்லை. போனை எடுத்ததும் நீயே, அம்மா நான் மித்ரா பேசறேன் என்று சொல்லிவிடு. கேள்வி கேட்காதே, நீ என்ன சமைத்தாய், அங்கே வெயில் எப்படி என்று சொல்லிக்கொண்டே போ, அவள் ம் கொட்டுவாள். டிசம்பரில் வரும்போதும் வாசலில் நின்று, சொல்லு பார்க்கலாம் என்று பரீட்சை வைக்காமல், பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொள். அவளுக்குத் தெரியாமல் போனாலும் போகட்டும், நமக்குத் தெரியும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்கவேண்டும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. இன்னொன்று, அன்றைக்கு நீ போனை வைத்த பிறகும் உன் அம்மா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் என்னிடம் திரும்பி, யாரு பெத்த பொண்ணோ, அழுவுதுங்க, சாப்ட்டுச்சான்னு கேளுங்க என்றாள். அரைமணி நேரத்தில் மூன்று தடவை கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லவேண்டும், அதனால் கேட்கிறேன். சாப்பிட்டாயா கண்ணு?

உன் அப்பா,
கோவிந்தப்பா