முப்பது மணி நேரம் மூச்சு கொடுத்தவள்

பாரூர்,
12-11-1968

என் மகன் முனிவேலுக்கு அப்பா தீர்த்தகிரி எழுதுவது. பட்டாளத்தில் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் பிழைத்துக்கொண்டேன். ராமப்பன் சித்தப்பா அடித்த தந்தியைப் பார்த்துக் கலங்கியிருப்பாய். இது என் கையாலேயே எழுதுகிற கடிதம். விரல்களில் இன்னும் பலம் வரவில்லை, அதனால்தான் எழுத்து கோணல்.

போன மாதம் 24-ஆம் தேதி காலை, கரும்பில் காய்ந்த சோகையை உரிக்கும்போது நல்ல பாம்பு கையில் கடித்துவிட்டது. மந்திரிக்கிறவரிடம் போகலாம் என்றார்கள். உன் மனைவி ருக்மணி கேட்கவில்லை. வெல்லம் ஏற்ற வந்த லாரியை மறித்து, என்னையும் ராமப்பனையும் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வழியிலேயே என் இமைகள் தாமாக மூடிக்கொண்டன. அங்கே போனதும் நாக்கு, கை, கால், கடைசியில் மூச்சும் நின்றுபோயிற்று. ஆனால் காது கேட்டது மகனே. அது யாருக்கும் தெரியாது.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். விஷம் இறங்கும்வரை மூச்சு விட வைக்கும் யந்திரம் வேண்டுமாம், அது அங்கே இல்லை. டாக்டர் அருள்ஜோசப் பெங்களூருக்கு டெலிபோன் செய்தார். அங்கிருந்த ஒரே யந்திரத்தில் இளம்பிள்ளை வாதம் வந்த சிறுமி ஒருத்தியை வைத்திருந்தார்களாம். "அந்தக் கொழந்தைய எடுத்துட்டு இவர வைக்க முடியாதும்மா" என்று ருக்மணியிடம் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அப்புறம் தொண்டையில் குழாய் விட்டு, ரப்பர் பை ஒன்றைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார்கள். நர்ஸ் ஜெபசீலி சொல்லிக் கொடுக்க, ருக்மணி பையைக் கையில் வாங்கினாள்.

சாயங்காலம் ராமப்பன் என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒடம்பே சில்லுனு ஆயிப்போச்சும்மா. ஊருக்குக் கொண்டுபோயிரலாம்" என்றான்.

"நாடி ஓடுது சின்ன மாமா. நான் பைய உட்டாத்தான் போவாரு. உட மாட்டேன்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். "மாமா அழுவறாரு! அவருக்குக் கேக்குது!" என்று கத்தினாள். ராமப்பன் தேம்பியபடியே கை கழுவிவிட்டு வந்து, பையை வாங்கிக்கொண்டான்.

அதன் பிறகு இருவரும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷமாக என் எதிரே நின்று பேசாத பெண், என் காதருகே குனிந்து, "மாமா, வெளிய மழை புடிச்சிருக்கு. நம்ம கரும்புக்கு நல்லது" என்று சேதி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். முப்பது மணி நேரம். மறுநாள் சாயங்காலம் என் விரல் அசைந்தது, மூச்சும் தானாக வரத் தொடங்கியது.

அவள் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். டாக்டரே மருந்து தடவிவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "இது என் மருமகள்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ராமப்பன் சிரித்தான்.

இனி முக்கியமான விஷயம். ருக்மணி ஆஸ்பத்திரியிலேயே தங்கி நோயாளிகளைக் கவனிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளட்டும் என்று டாக்டர் கேட்கிறார். எனக்குப் பூரண சம்மதம். அவளைக் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரு என்ன சொல்வாரோ" என்கிறாள். வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. சோறு நானே பொங்கிக்கொள்வேன்.

மறுத்து எழுதிவிடாதே அப்பா. சம்மதம் என்று ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம், அவள் பேருக்கே எழுது.

நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தீர்த்தகிரி