நீலமாகக் கூடாத குழாய்கள்

மார்ச் 3, திங்கள்

சோதனைக் குழாய் நீலமாகிவிட்டது. ஆகக் கூடாத குழாய்.

எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா பார்ப்போம். நண்டுக்கு ஒன்பது ஜோடி செவுள். முன்னால் இருப்பவை மூச்சு விட. பின்னால் இருக்கும் மூன்று ஜோடியால்தான் எனக்குப் பிழைப்பு. கடல் தண்ணீரில் அவற்றுக்குப் பெரிதாக வேலையில்லை. நண்டின் உடம்புக்குள்ளும் வெளியிலும் ஏறக்குறைய ஒரே உப்பு. தண்ணீரில் உப்பு குறைந்தால் உடம்பிலிருக்கும் உப்பு வெளியே ஓடப் பார்க்கும். அப்போது பின் செவுளின் தோல் தடித்து, அதற்குள் உப்பை உள்ளே இழுக்கும் பம்புகள் பெருகும். ஒரே நாளில் நடக்காது, பத்து நாளாவது ஆகும். அந்தச் செவுளை அரைத்து மருந்து ஊற்றினால், பம்பு எவ்வளவோ அவ்வளவு நீலம்.

இன்று அறுத்தவை அணைக்குக் கீழே கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியில் கூண்டு வைத்துப் பிடித்து, காலையில்தான் ஆய்வகத்துக்கு வந்தவை. நாலு மாதமாக மழை இல்லை, மேலே அணையில் மதகு மூடிக் கிடக்கிறது, கழியில் நிற்பது அசல் கடல் தண்ணீர். குழாய் வெளுத்திருக்க வேண்டும். ஆறு குழாயும் நீலம். நான் பதினைந்து நாளாகத் தொட்டியில் உப்பைக் குறைத்துக் குறைத்து வளர்த்த நண்டுகளோடு போட்டி போடுகிற நீலம்.

குழாயை ஒழுங்காகக் கழுவியிருக்க மாட்டேன். என் கைதான் சரியில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதிவேட்டில் ஏற்றவில்லை.

மார்ச் 4

குழாய்களை மூன்று தடவை கழுவினேன். விரலில் தோல் உரிகிறது.

மார்ச் 7

புதிதாக ஆறு நண்டு. மறுபடி நீலம். ஆய்வகத் தலைவர் மேடம் வந்து குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தொட்டி நண்டையும் கழி நண்டையும் மாத்தி அறுத்துட்டே" என்றார்.

"இல்ல மேடம்."

"அப்ப நண்டு பொய் சொல்லுதா?"

கழித் தண்ணீரின் உப்பளவை எழுதி வைக்கும் நோட்டைப் புரட்டினேன். முப்பத்திமூன்று, முப்பத்திமூன்று, முப்பத்திநாலு. கடல்தான். மீட்டரிலும் பழுதில்லை. இதையும் கொட்டினேன். பன்னிரண்டு உயிர் வீண், எனக்குத் திட்டு மிச்சம்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அணைக் கரையை ஒட்டிக் கீழே இருக்கிற ஊழியர் குடியிருப்பு அது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கரையின் புல்சரிவுதான். வானம் பார்க்க வேண்டுமானால் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். எப்படித்தான் இதற்குக் கீழே தூங்குகிறார்களோ.

அத்தான்தான் அங்கே மதகு இயக்குகிறவர். என்னைக் கண்டதும், "என்ன நண்டு டாக்டர், பேஷன்ட் எல்லாம் சௌக்கியமா?"

"பேஷன்ட் பொழைச்சுக்கும் அத்தான். டாக்டர் பொழைப்புதான் போயிடும்போல."

நல்ல குஷியில் இருந்தார். கரைக்கு அடியில் கசியும் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்துத் தினமும் அளப்பதும் அவர் வேலை. "பதிமூணு வருஷத்துல இவ்வளவு கம்மியா கசிஞ்சு நான் பாத்ததில்ல. அணை முட்ட முட்ட தண்ணி, கசிவு பாதி. கரை நல்லா இறுகிடுச்சு" என்றார். "வீட்டுக் குழாய் ஒழுகுது, அதை மொதல்ல இறுக்குங்க" என்றாள் அக்கா. பாப்பா என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

மார்ச் 12

மூன்றாவது முறை. மேடமே நண்டைப் பொறுக்கினார், அவரே அறுத்தார், புதுக் குழாயைப் பிரித்தார். நீலம்.

கையுறையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இதுங்க பத்து நாளுக்கு மேல உப்பு கம்மியான தண்ணியில இருந்திருக்கு."

எங்கே? கூண்டு இருப்பது ஒரே இடம். அணைக்குக் கீழே, கழி தொடங்குகிற மூலை.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. நாங்கள் தண்ணீர் எடுப்பது கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மட்டும். வற்றிய நேரத்தில் வாளி எட்டாது, முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். அந்த நேர அட்டவணையைப் போட்டு ஒட்டியது யார்? நான்தான். செருப்பு அழுக்காகக் கூடாதே. மீட்டர் ஐந்து நிமிஷம் நனைந்துவிட்டு வந்துவிடுகிறது. நண்டு ராப்பகலாக அங்கேயே கிடக்கிறது.

கசிவு பாதி என்றாரே அத்தான். மீதிப் பாதி எங்கே போகிறது?

மார்ச் 13

காலை ஏழரை, கடல் வற்றியிருந்தது. சேற்றில் இறங்கினேன். மீட்டர்: ஒன்பது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். எட்டு.

கூண்டுக்கு நாலடி தள்ளி, தரையிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு வருகிறது. உலை கொதிப்பது மாதிரி மணல் புரள்கிறது. அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை. கையில் வண்டல் தங்கியது.

அங்கேயே நின்று அத்தானுக்குப் போன் செய்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தெளிவா வருதா, கலங்கலா வருதா?"

"கலங்கல்."

"கரைக்குள்ள இருக்கற மண்ண அரிச்சு எடுத்துட்டு வருது" என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

மதியம் அணைப் பொறியாளரிடம் போயிருக்கிறார். "நண்டை நம்பி அணையத் தொறக்கச் சொல்றீங்களா? கோடைக்கு ஊர் எதைக் குடிக்கும்? திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன்" என்றாராம்.

இன்று வியாழன்.

மார்ச் 14

அக்கா பாப்பாவோடும் ஒரு பையோடும் வந்து இறங்கினாள். வரவே மாட்டேனென்று ஒற்றைக் காலில் நின்றாளாம். "ரெண்டு நாளைக்கு எதுக்கு இவ்வளவு அமர்க்களம்?" என்று என்னையும் முறைத்தாள்.

அத்தான் வரவில்லை. குடியிருப்பில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆட்களைக் கிளப்பிக்கொண்டிருக்கிறார். போனில் சொன்னார்: "காலையில உத்தரவு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, மதகைத் தூக்கிடுவேன். வேலை போச்சுன்னா நண்டு அறுக்க வரேன், சேத்துக்குவீங்களா?"

சிரித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 15

ஆறு மணிக்கே இரண்டு மதகைத் தூக்கிவிட்டார். மூன்றாவது சிக்கிக்கொண்டது என்று ஒன்பது மணிக்குப் பேசினார்.

பதினொன்றே காலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இடியா? மழையே இல்லியே. போன் எடுக்கலை. மறுபடி அடிச்சேன், எடுக்கலை. அக்கா வாசல்லயே நிக்கிறா. எடுங்க அத்தான் — எடுத்துடுங்க —

மார்ச் 18

கிடைத்துவிட்டார். கழிமுகத்தில்.

மார்ச் 27

குடியிருப்பில் நாற்பத்தொரு வீடு போயிற்று. வேறு ஓர் உயிரும் போகவில்லை. இரண்டு மதகு திறந்து தண்ணீர் கொஞ்சமாவது இறங்கியிருந்ததால் உடைப்பு அந்த அளவோடு நின்றது என்கிறார்கள். இன்னும் நாலு நாள் முன்னால் திறக்க ஆரம்பித்திருந்தால் கரையே உடையாமல் நின்றிருக்கும் என்றும் சொல்கிறார்கள். அவர் கடைசி வரை அந்த மூன்றாவது மதகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம்.

பொறியாளர் வந்தார். தலை நிமிராமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். கன்னாபின்னாவென்று திட்ட வேண்டும் என்றுதான் பத்து நாளாக நினைத்திருந்தேன். காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் போனபிறகு அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த நண்ட வச்சு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"பன்னெண்டாம் தேதி."

"மறுநாளே சேத்துல எறங்கிட்டே. வேற யாரு செய்வா?" என் தலையைத் தடவினாள். "அவரு கடைசியா உன்னப் பத்திதான் பெருமையா சொல்லிட்டு இருந்தாரு."

மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கைதான் சரியில்லை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒன்பதாம் தேதியும் இருக்கிறது. பன்னிரண்டு நீலக் குழாயைக் கொட்டிவிட்டுப் போய் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்; கசிவு பாதி என்று அவர் சொன்னதைக் காதால் கேட்டேன். அன்றைக்குக் கரை உடைய இன்னும் ஆறு நாள் இருந்தது.

கிழிக்கவில்லை. நாளையிலிருந்து இந்த நோட்டு ஆய்வகத்தில், என் மேஜை இழுப்பறையில் இருக்கும். அக்கா அங்கே வரமாட்டாள்.